சான்றுப் பொருள் மூன்று

குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்த அன்று
வக்கீல் பியூலா தனகோட்டி
என் கையில் முதலில் கொடுத்தது காகிதக் கட்டு இல்லை,
ஒரு பாட்டில். மூடிமேல் அரக்கு.
உள்ளே எருக்கந்தாங்கல் கிணற்றுத் தண்ணி,
வெயிலில் பிடித்தால் வெந்தயம் ஊறின நிறம்.
"சிந்தாம கொண்டா. பாதி கேஸ் இதுக்குள்ளதான் இருக்கு."

வாலாஜாவில் பஸ் ஏறி மடியில் வைத்துக்கொண்டேன்.
பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள்:
கஷாயமா, எந்த வைத்தியர்?

எருக்கந்தாங்கலில் டீ போட்டால் பால் திரியும்.
இளநீர் கரிக்கும்.
மல்லாட்டைக் கொடி பூத்தவரைக்கும் பூத்து
அப்படியே கருகி நிற்கும்.
வாதி முனிரத்தினம் வாய்தா தவறாமல்
வேலூருக்கு வந்து வேப்பமரத்தடியில் உட்காருவார்.
எட்டாவது வருஷம்
டவாலி மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை.
"மேற்படி வாதி காலமாகிவிட்டபடியால்" என்று
வாரிசு சேர்ப்பு மனுவை நான்தான் டைப் அடித்தேன்.
பதினாலாவது வருஷம் அவர் மகனுக்கும் அதே வரி.
பழைய பிரதியில் பெயரை மட்டும் மாற்றினேன்.
அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

தொழிற்சாலைக்கு மெட்ராஸிலிருந்து காரில் வந்த வக்கீல்
ஒருநாள் வராந்தாவில் சிரித்தார்:
"கட்சிக்காரர் மேல இவ்வளவு கோபம்.
உங்க கைப்பையே தோல்தானேம்மா?"
"தோல்தான். எங்கப்பா குழியில நின்னு பதம் பண்ணது.
இதோட கழுவின தண்ணி
எந்தக் கிணத்துல இருக்குன்னும் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

அந்த அப்பாவுக்கு
இரண்டு காலிலும் நகம் கிடையாது.

இடைக்கால உத்தரவில் மூன்று மாசம் கேட் பூட்டியபோது
வேலை போன ஆட்கள் அவர் ஸ்கூட்டி சீட்டைக் கிழித்தார்கள்.
கத்தி பிடித்தவன் சித்தப்பா மகன்.
அந்த ஐப்பசி முழுக்க
உரச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து போனார்.
நின்றுபோன கூலிக்கு அவரே மனுப் போட்டபோது
வக்காலத்தில் முதல் கையெழுத்து
கத்தி பிடித்த அதே கை.
இரண்டு பேரும் சீட்டைப் பற்றிப் பேசவில்லை.
நான் பேசலாம் என்று வாயெடுத்தேன், காலை மிதித்தார்.

நெமிலிப் பக்கம் ஒரு அரிசி ஆலை.
இருளர் குடும்பம் ஆறு. முன்பணம் ஒன்பதாயிரம்.
பதினோரு வருஷம் ராத்திரியும் பகலும் நெல் அவித்தும்
ஒரு ரூபாய் குறையாத ஒன்பதாயிரம்.
ராணிப்பேட்டை சப் கலெக்டர் ஆபீசில்
மூன்று நாள் தரையில் உட்கார்ந்து வாங்கிய
விடுதலைச் சான்றை நாலாக மடித்துக்கொண்டு
கன்னியம்மா கேட்டாள்:
"இத வச்சினு எந்த ஊருக்கு வேணா போலாமா?"
கோர்ட்டில் ஒரு கேள்விக்கும் தயங்காத அம்மா
கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார்:
"அரக்கோணம் வரைக்கும் போய்ப் பாரேன்."
போனாளாம்.
ரயில் ஏழெட்டு பார்த்துவிட்டு
சாயங்கால பஸ்ஸில் வந்துவிட்டாளாம்.

ஜெயித்தீர்களா என்று கேட்கிறவர்களுக்கு
என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.
அம்மா அறையில் கோப்பைகள் இல்லை.
கால்வலித் தைலம், பழைய அரசிதழ்,
ஃபீஸுக்குப் பதிலாக வந்த ஒரு மூட்டை கேழ்வரகு, அதில் வண்டு.

போன மாசம் புது நீதிபதி
சான்றுப் பொருள் மூன்றை எடுத்துவரச் சொன்னார்.
அரக்கு விரிசல் விட்டிருந்தது.
பாட்டிலில் தண்ணி இல்லை,
அடியில் பச்சையாய் ஒரு வளையம்.
புதிதாக மாதிரி எடுக்க உத்தரவு.

முனிரத்தினத்தின் பேரன் இறங்கி மொண்டு கொடுத்தான்.
அவன் வீட்டில் கேன் தண்ணி, நாற்பது ரூபாய்.
அம்மா வெயிலில் நின்றபடியே
சீட்டில் தேதி எழுதி ஒட்டினார், கை லேசாக ஆடியது.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
கண்டக்டர் பாட்டிலைப் பார்த்தார்.
டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே
"எருக்கந்தாங்கலா?" என்றார்.